குறைகளைப் பரிசாகப் பெற்றவள்

1962இல் அமெரிக்காவில் வெளிவந்த ஒரு நாவலில், காணாமல்போன அப்பாவைத் தேடி ஓர் இருண்ட கிரகத்துக்குள் நுழையப்போகும் மூன்று பிள்ளைகளுக்குப் பரிசுகள் வழங்கப்படுகின்றன. கால்வின் என்ற பையனுக்கு, யாரோடும் பேசிப் புரியவைக்கும் அவனுடைய திறமையே வலுவூட்டித் தரப்படுகிறது. ஐந்து வயது சார்லஸ் வாலஸுக்குக் குழந்தைமையின் தாக்குப்பிடிக்கும் சக்தி. மூக்குக் கண்ணாடியும் பல்லில் கம்பியும் அடங்காத தலைமுடியுமாக நிற்கும் மெக் மர்ரிக்குக் கிடைப்பது அவளுடைய குறைகள். கோபம், பிடிவாதம், பொறுமையின்மை. இவற்றை ஒழித்துக்கட்டத்தானே இத்தனை நாளாக முயன்றுகொண்டிருக்கிறேன் என்று அவள் பதறுகிறாள். போகிற இடத்தில் அவைதான் உதவும் என்று பதில் வருகிறது.

மேடலின் லெங்கிள் எழுதிய 'எ ரிங்கிள் இன் டைம்' என்ற அந்த நாவலைப் பெண்கள் கல்லூரி ஒன்றில் பல ஆண்டுகளாகப் பாடம் நடத்திவருகிறேன். அறிவியலும் மாயமும் கலந்த இந்தக் கதையைப் பலரும் தன்னம்பிக்கை ஊட்டும் சிறுவர் புத்தகமாக வாசிக்கிறார்கள். எனக்கு இது பெண் வரலாற்றின் ஓர் ஆவணம். எங்கும் ஒட்டாமல் நிற்கும் ஒரு பெண், மாயக்கதையின் நடுவுக்கு எப்படி வந்தாள், வந்த பிறகு அவளை என்ன செய்தார்கள் என்பதே இக்கட்டுரையின் கேள்வி.

நாணமும் ஒட்டாமையும்

முதலில் சொல்லைப் பற்றி. மெக்கின் நிலையைத் தமிழில் சொல்ல ஒரே ஒரு சொல் எனக்குக் கிடைத்ததில்லை. கூச்சம் என்றால் பாதிதான் வருகிறது. சங்கடம் என்பது வந்துபோகும் ஒன்று. அசட்டுத்தனம் என்றால் வசையாகிவிடுகிறது. ஆனால் அந்த நிலையில் இருக்கும் பெண்ணைத் திட்ட மட்டும் நம்மிடம் சொற்களுக்குப் பஞ்சமே இல்லை. இடிச்ச புளி மாதிரி நிற்கிறாள், திருதிருவென்று முழிக்கிறாள், ஆம்பளை மாதிரி நடக்கிறாள், எங்கே எதைப் பேசுவதென்று தெரியவில்லை.

அச்சம், மடம், நாணம், பயிர்ப்பு என்று பெண்ணுக்கு நாற்குணம் வகுத்த மொழி நம்முடையது. கவனித்தால், நாணம் என்பது தன்னியல்பான கூச்சமே இல்லை. எப்போது தலை குனிவது, எவ்வளவு புன்னகைப்பது என்று பழகிக்கொண்ட கூச்சம் அது. பார்ப்பவர் கண்ணுக்கு அழகாக இருக்கும்படி ஒழுங்குசெய்யப்பட்டது. ஒட்டாத பெண்ணிடம் இல்லாதது அந்தப் பயிற்சிதான். அவளும் கூசுகிறாள், ஆனால் யாருக்கும் இதமாகக் கூசத் தெரியவில்லை. அதனால்தான் வெட்கப்படும் பெண் காவியத் தலைவியாகிறாள், ஒட்டாத பெண் வீட்டாரின் கவலையாகிறாள். இந்த ஒட்டாமையைத்தான் லெங்கிள் கையிலெடுத்தார்.

வில்லும் கத்தியும் யாருக்கு

மெக்குக்கு முன்பு ஆங்கில மாயக்கதைகளில் சிறுமிகள் இல்லாமல் இல்லை. 1865இல் ஆலிஸ் முயல் வளைக்குள் இறங்கிவிட்டாள். 1900இல் டாரத்தி சூறாவளியோடு ஆஸ் நாட்டுக்குப் போய்விட்டாள். இருவரும் துணிச்சல்காரிகள். ஆனால் தன் உடம்பைத் தானே சுமையாக உணரும் பதின்வயது அவர்களுக்கு இன்னும் வரவில்லை. டோல்கீனின் 'தி ஹாபிட்' 1937இல் வந்தபோது, அந்தப் பயணத்தில் ஒரு பெண்கூட உடன் நடக்கவில்லை.

1950இல் வெளிவந்த நார்னியா வரிசையின் முதல் நாவலிலும் ஒரு பரிசளிப்புக் காட்சி உண்டு. கிறிஸ்துமஸ் தாத்தா பீட்டருக்கு வாளும் கேடயமும் தருகிறார். சூசனுக்கு வில்லும் ஊதுகொம்பும், சின்னவள் லூசிக்கு மருந்துக் குப்பியும் குறுவாளும். ஆயுதம் தந்துவிட்டு, நீங்கள் போரில் இறங்கக் கூடாது என்று பெண்கள் இருவருக்கும் நிபந்தனையும் விதிக்கிறார். 1956இல் வந்த கடைசி நாவலில் சூசன் நார்னியாவுக்கே வெளியில் நிற்கிறாள். உதட்டுச் சாயம், நைலான் காலுறை, விருந்து அழைப்பு என்று அவள் மனம் போய்விட்டதாம். வளர்ந்து பெண்ணாகிவிட்டால் மாய உலகின் கதவு மூடிவிடும் என்பதுதான் அங்கே சேதி.

இந்தக் காட்சியையும் மெக்கின் பரிசுக் காட்சியையும் வகுப்பில் அடுத்தடுத்து வாசிக்கவைப்பேன். பன்னிரண்டு ஆண்டுகளில் நேர்ந்த மாற்றம் பளிச்சென்று தெரியும். நார்னியாவில் பெண்ணுக்கு நல்ல பொருள் கிடைக்கிறது. அதைப் பயன்படுத்தத் தடை வருகிறது. மெக்குக்கோ, எதற்காக இதுவரை திட்டு வாங்கினாளோ அதுவே கையில் தரப்பட்டு, போய்ப் பயன்படுத்து என்று சொல்லப்படுகிறது.

வெள்ளைத் துணியோடு சேர்ந்த சிவப்புத் துணி

லெங்கிள் 1918இல் நியூயார்க்கில் பிறந்தவர். காலில் இருந்த குறையால் பள்ளி விளையாட்டுகளில் பின்தங்கியவர். அவர் இருந்த அணி தோற்கும் என்று மற்ற பிள்ளைகள் ஒதுக்கினார்கள். அவருக்கு அறிவு போதாது என்று ஆசிரியர்கள் முடிவுகட்டினார்கள். ஒருமுறை அவர் எழுதிய கவிதைக்குப் பரிசு கிடைத்தபோது, எங்கிருந்தோ பார்த்து எழுதிவிட்டாள் என்று குற்றச்சாட்டு எழுந்தது. அதுவரை வீட்டில் மகள் எழுதிக் குவித்திருந்த தாள்களை அம்மா கட்டாகக் கொண்டுபோய்க் காட்டித்தான் நிரூபிக்க வேண்டியிருந்தது.

வளர்ந்த பிறகும் இந்த ஒட்டாமை அவரை விடவில்லை. நடிகர் ஹ்யூ ஃபிராங்க்ளினை மணந்து, கனெக்டிகட் மாநிலத்தின் ஒரு சிற்றூரில் பழைய பண்ணை வீட்டில் குடியேறினார். கணவரும் அவரும் அங்கே பலசரக்குக் கடை நடத்தினார்கள். குழந்தைகள், கடை, வீட்டு வேலை. எல்லாம் முடிந்து இரவில் எழுத்து. அந்த ஊர் இல்லத்தரசிகளைப் போலத் தனக்கு மாவுப் பண்டம் பதமாகச் செய்ய வராது என்றும், வெள்ளைத் துணிகளைத் துவைக்கப் போடும்போது எப்படியோ ஒரு சிவப்புத் துணி கூடவே போய்விடும் என்றும் தன் நினைவுக் குறிப்புகளில் எழுதியிருக்கிறார். எழுதிக் காசும் வரவில்லை, வீட்டையும் சரியாகப் பார்க்கவில்லை என்ற குற்ற உணர்வு அவரை அரித்தது.

1958 நவம்பரில் அவருடைய நாற்பதாவது பிறந்த நாளன்று இன்னொரு நாவல் பதிப்பகத்திலிருந்து திரும்பி வந்தது. இதுதான் அறிகுறி என்று தட்டச்சுப் பொறியை மூடிவைத்தார். அழுதபடி அறைக்குள் நடந்துகொண்டிருந்தவர், திடீரென்று ஒன்றைக் கவனித்தார். தோல்வியைப் பற்றி ஒரு நாவலை மனம் அதற்குள் கட்டத் தொடங்கியிருந்தது. மூடிய உறையை எடுத்துவிட்டார்.

அடுத்த ஆண்டு குடும்பத்தோடு நாட்டின் குறுக்கே கூடாரமடித்துப் பயணம் போனபோது மெக்கின் கதை உருக்கொண்டது. எழுதி முடித்ததும் இருபத்தைந்துக்கும் மேற்பட்ட பதிப்பகங்கள் திருப்பியனுப்பின. இது குழந்தைகளுக்கா, பெரியவர்களுக்கா என்று அவர்களுக்குப் பிடிபடவில்லை. அறிவியல் புனைவின் மையத்தில் ஒரு பெண் இருந்ததையும் ஒரு காரணமாக லெங்கிள் பின்னாளில் சொன்னார். தன் அம்மாவுக்காக வைத்த விருந்துக்கு வந்த ஒருவர் வழியாக ஜான் ஃபாரர் என்ற பதிப்பாளரின் அறிமுகம் கிடைத்து, நாவல் அச்சேறியது. 1963இல் அமெரிக்கச் சிறுவர் இலக்கியத்தின் பெரிய கௌரவமான நியூபெரி பதக்கத்தைப் பெற்றது. கதாநாயகிக்கு இடம் தேடி அலைந்ததுபோலவே புத்தகமும் அலைந்திருக்கிறது.

ஒரே தாளத்தில் பந்தடிக்கும் தெரு

மெக் பள்ளியில் அடிவகுப்புப் பிரிவுக்குத் தள்ளப்பட்டவள். கணக்கில் கெட்டிக்காரி, ஆனால் அப்பா சொல்லித்தந்த குறுக்குவழியில் போடுவாள், ஆசிரியருக்கு அது ஆகாது. தம்பியைக் கேலி செய்தவனோடு கட்டிப்புரண்டு சண்டை போடுவாள். அவளிடம் திறமை குறையவில்லை. கேட்கப்படும் வடிவத்தில் அந்தத் திறமை வெளிவரவில்லை, அவ்வளவுதான்.

அவள் போய்ச் சேரும் காமஸாட்ஸ் கிரகத்தில் வீடுகள் அச்சில் வார்த்ததுபோல் ஒன்றேபோல் நிற்கின்றன. வாசலுக்கு வாசல் பிள்ளைகள் ஒரே தாளத்தில் பந்தடிக்கிறார்கள், கயிறு தாண்டுகிறார்கள். ஒரே நேரத்தில் கதவுகள் திறக்கின்றன, அம்மாக்கள் கைதட்டி அழைக்கிறார்கள். ஒரே ஒரு பையனின் பந்து மட்டும் தாளம் தப்பி உருண்டுவிடுகிறது. அவன் அம்மாவின் முகத்தில் பீதி. பின்னால் அதே பையன் ஓர் அறையில் அடைபட்டு, தாளம் பிசகும்போதெல்லாம் வலியால் அலறியபடி, மறுபடி மறுபடி பந்தடிக்கப் பழக்கப்படுவதை மெக் பார்க்கிறாள்.

பனிப்போர்க் காலத்தில் வந்த நாவல் என்பதால், பலர் இதை சோவியத் ஆட்சியின் சித்திரமாக வாசித்தார்கள். ஆனால் அந்த வீடுகள் அமெரிக்கப் புறநகர்களுக்கும் பொருந்துகின்றன. இரண்டாம் உலகப் போருக்குப் பின் நியூயார்க் அருகே லெவிட்டவுனில் ஒரே மாதிரியான வீடுகள் ஆயிரக்கணக்கில் எழுந்தன. அத்தகைய வீடுகளுக்குள் பெயரில்லாத ஒரு நோயால் பெண்கள் வாடுவதை பெட்டி ஃபிரீடன் எழுதிய புத்தகம் வெளிவந்தது 1963இல். நாவலின் கைப்பிரதியிலிருந்து நீக்கப்பட்ட சில பக்கங்களை லெங்கிளின் பேத்தி 2015இல் வெளியிட்டார். சர்வாதிகாரம் மட்டுமல்ல, பாதுகாப்பின்மேல் கொண்ட அளவுகடந்த ஆசையும் ஒரு நாட்டைக் காமஸாட்ஸ் ஆக்கிவிடும் என்று மெக்கின் அப்பா அதில் விளக்குகிறார்.

அந்தக் கிரகத்தை ஆள்வது உடலில்லாத ஒரு மூளை. பெயர் 'இட்', அதாவது 'அது'. தன் தாளத்துக்குள் மெக்கை இழுக்க அது முயலும்போது, தனிம அட்டவணையையும் வர்க்க மூலங்களையும் சத்தமாகச் சொல்லி எதிர்த்து நிற்கிறாள். மனிதர் யாவரும் சமம் என்ற அமெரிக்கச் சுதந்திரப் பிரகடனத்தையும் ஒப்பிக்கிறாள். எங்களிடம் இருப்பதும் அதுதானே, இங்கே எல்லாரும் ஒன்றுபோல் என்று பதில் வருகிறது. அப்போதுதான் அவளுக்குப் பொறிதட்டுகிறது: ஒன்றுபோல் இருப்பதும் சமமாக இருப்பதும் ஒன்றல்ல.

இந்த நாவலின் உயிர்நாடி இந்த இடம்தான் என்பேன். சமத்துவம் வேண்டுமென்றால் ஆணைப் போல் ஆகு, படித்த வீட்டுப் பெண்ணைப் போல் பேசு, மேல்சாதிப் பெண்ணைப் போல் உடுத்து என்று எத்தனை முறை நமக்குச் சொல்லப்பட்டிருக்கிறது! ஒட்டாத பெண்ணின் பிடிவாதம் இங்கே ஓர் அரசியல் அறிவாக மாறுகிறது. எதிலும் கச்சிதமாகப் பொருந்திப் பழகியவர்களுக்கு அந்த வேறுபாடு சட்டென்று தெரிவதில்லை. பொருந்தாமல் வலித்தவளுக்குத் தெரிகிறது.

இன்னும் இரண்டு இடங்கள். அப்பா கிடைத்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று நம்பிவந்தவள் மெக். கிடைத்த அப்பாவால் தம்பியை மீட்க முடியவில்லை. அவள் அவர்மேல் எரிந்து விழுகிறாள், நாவல் அதற்காக அவளைத் தண்டிப்பதில்லை. பிறகு, கண்களே இல்லாத உயிர்கள் வாழும் ஒரு கிரகத்தில், அவற்றுள் ஒன்று அவளை மடியில் வைத்துத் தேற்றுகிறது. மிருக அத்தை என்ற பொருளில் அதற்குப் பெயர் வைக்கிறாள். பார்வை என்றால் என்ன என்று அதற்கு விளக்க முயன்று தோற்கிறாள். பார்வையே இல்லாத இடத்தில் அழகி, அசிங்கமானவள் என்ற சொற்களுக்கு வேலை இல்லை. தன் உடம்பை மறந்து அவள் தேறும் இடம் அது. அங்கிருந்துதான் தம்பியை மீட்கத் தனியாகத் திரும்பிப் போகிறாள்.

பின்னால் வந்தவர்கள்

மெக் திறந்த வழியில் 1980களில் பலர் நடந்தார்கள். டமோரா பியர்ஸின் அலனா, 1983இல், வீரர் பயிற்சிக்காக ஆணாக வேடமிட்டு அரண்மனைக்குப் போகிறாள். வேடத்துக்குள் உடம்பு வளர்கிறது. முதல் மாதவிடாய் வந்து அவள் மிரண்டுபோகிறாள். ஒரு நண்பனின் தாயிடம் ஓடுகிறாள், அந்த அம்மாள் நடப்பதை விளக்கிச் சொல்கிறாள். வாளும் மாயமும் நிறைந்த கதையில் உதிரப்போக்குக்கு ஒரு பக்கம் ஒதுக்குவது அன்று சிறிய காரியமல்ல.

1984இல் ராபின் மெக்கின்லியின் ஏரின் வந்தாள். அரசன் மகள், ஆனால் அரச குலத்துக்குரிய மந்திர சக்தி இல்லாதவள். தாய் வேற்று நாட்டுக்காரி, சூனியக்காரி என்று அரண்மனையில் கிசுகிசு. ஏரின் சபையில் தடுக்கி விழுபவள், நொண்டிக் குதிரையோடு பொழுதைக் கழிப்பவள். பழைய ஏடு ஒன்றில் பார்த்த, நெருப்புத் தாக்காத களிம்பை அளவு மாற்றி மாற்றிச் செய்து பார்த்துக் கடைசியில் பதத்தைப் பிடிக்கிறாள். பிறகு, யாரும் பெருமையாக நினைக்காத சில்லறை வேலையான குட்டி டிராகன் வேட்டைக்குக் கிளம்புகிறாள். தோற்றுத் தோற்றுச் செய்துபார்க்கும் பொறுமைதான் அங்கே மாயம்.

பிரிட்டனில் டயானா வின் ஜோன்ஸ் 1986இல் படைத்த சோஃபி, மூவரில் மூத்தவள். மூத்தவர்களுக்கு வாழ்வில் எதுவும் விளங்காது என்ற நம்பிக்கையோடு தொப்பிக் கடையில் ஒடுங்கிக் கிடப்பவள். ஒரு சூனியக்காரி அவளைக் கிழவியாக்கிவிடுகிறாள். அதோடு பயம் போய்விடுகிறது. மூக்கை நுழைக்கிறாள், அதட்டுகிறாள், வாயாடுகிறாள். கடையில் தனிமையில் தொப்பிகளோடு பேசிக்கொண்டிருந்த அவளுடைய பைத்தியக்காரப் பழக்கம்தான் பொருள்களுக்கு உயிரூட்டும் மந்திரம் என்பது பிறகு தெரியவருகிறது. இளம்பெண்ணுக்கு மறுக்கப்படும் பேச்சு கிழவிக்கு அனுமதிக்கப்படுகிறது என்பதை நம் வீட்டுப் பாட்டிகளைப் பார்த்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

மெக் என்னவானாள்

ஒரு மாணவி என்னிடம் கேட்டாள்: "கடைசியில் மெக் அழகாகிடுவாள்னா, அப்புறம் நமக்கு என்ன மேம் மிச்சம்?"

நியாயமான கேள்வி. முதல் நாவலிலேயே அதற்கான விதை இருக்கிறது. மெக்கின் அம்மா இரண்டு முனைவர் பட்டம் பெற்ற விஞ்ஞானி, வீட்டுக்குள் ஆய்வுக்கூடம் வைத்து அங்கேயே குழம்பும் கொதிக்கவைப்பவர், கூடவே பேரழகி. நானும் உன் வயதில் இப்படித்தான் இருந்தேன், பொறுத்திரு என்று மகளைத் தேற்றுகிறார். கண்ணாடியைக் கழற்றிய மெக்கின் கண்களைப் பார்த்துவிட்டு, இதை வேறு யாரும் பார்க்க வேண்டாம், கண்ணாடியைப் போட்டுக்கொள் என்கிறான் கால்வின். பாராட்டில்கூட உடைமை வாசம்.

1965இல் வெளிவந்த இன்னொரு நாவலில் மெக் கால்வினின் மனைவி, ஏழு குழந்தைகளுக்குத் தாய். 1978இல் வந்த தொடர்ச்சியில், கர்ப்பிணியாக மாடியறைக் கட்டிலில் இருந்தபடி, ஒற்றைக்கொம்புக் குதிரையில் காலங்களைத் தாண்டும் தம்பிக்கு மனத்தால் துணைபோகிறாள். ஏழு குழந்தைகள் பெற்றதில் குறையொன்றுமில்லை. ஆனால் கணக்கில் அவளுக்கிருந்த கூர்மை கணவரின் ஆய்வுக்குக் கைகொடுப்பதோடு நின்றுபோவது எனக்கு உறுத்துகிறது. மாவுப் பண்டம் பதமாக வராத லெங்கிள் தன் எழுத்தை விடவில்லை. தான் படைத்த பெண்ணுக்கு அந்தப் பிடிவாதத்தை இறுதிவரை அவர் கொடுக்கவில்லை. ஒட்டாத பெண்ணைக் கடைசியில் எப்படியாவது ஒட்டவைத்துவிட வேண்டும் என்ற அழுத்தம், அவளை எழுதிய கையையே பிடித்து இழுத்திருக்கிறது.

2018இல் ஏவா டுவர்னே இந்த நாவலைப் படமாக்கினார். பத்துக் கோடி டாலருக்கு மேல் செலவிட்டு எடுக்கப்பட்ட படத்தை இயக்கிய முதல் கறுப்பினப் பெண் அவர். படத்தில் கறுப்பினச் சிறுமி ஸ்டார்ம் ரீட் மெக்காக வருகிறாள். சுருள்முடியைக் கால்வின் பாராட்டினால் அவளுக்குப் பொறுக்கவில்லை. 'இட்' அவளுக்கு ஆசைகாட்டும் இடத்தில் இன்னொரு மெக்கைக் கொண்டுவந்து நிறுத்துகிறது. நேராக்கிய முடி, கண்ணாடியில்லாத முகம், மிடுக்கான உடை. அவளாக ஆக மாட்டேன் என்று இவள் மறுக்கிறாள். நாவலில் ஒரு வெள்ளைக்காரச் சிறுமியின் கூச்சமாக இருந்தது, இங்கே யாருடைய முடி அழகு என்று தீர்மானிப்பது யார் என்ற கேள்வியாக விரிகிறது. நம் பக்கத்தில் முகப்பூச்சு விளம்பரங்களின் நிழலில் வளர்ந்த கறுத்த பெண்களுக்கு இந்தக் காட்சியை விளக்க வேண்டியதில்லை.

இன்று 'உன்னை நீயாகவே ஏற்றுக்கொள்' என்ற வாசகம் சட்டையிலும் குவளையிலும் விற்கிறது. ஒட்டாமையும் ஓர் அலங்காரமாகிவிட்டது. கொஞ்சம் தடுக்கி விழுவது கதாநாயகிக்கு லட்சணம். முன்பு நாணம் எப்படிப் பார்ப்பவர் கண்ணுக்காக ஒழுங்குசெய்யப்பட்டதோ, அப்படியே இதுவும் ஒழுங்குசெய்யப்படுகிறது.

மெக்குக்குத் தரப்பட்டது அந்த வகை ஏற்பு இல்லை. நீ இப்படியே அழகு என்று யாரும் அவளைத் தடவிக்கொடுக்கவில்லை. உன் கோபத்துக்கும் பிடிவாதத்துக்கும் ஒரு வேலை இருக்கிறது, போய்ச் செய் என்று அனுப்பினார்கள். அந்த வேலை, தாளம் தப்பியதற்காக வதைபடும் பிள்ளைகள் இருக்கும் தெருவில், நானும் அடிக்க மாட்டேன் என்று பந்தைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்பது. அதனால், அந்த மாணவி கேட்ட மிச்சம் இருக்கத்தான் செய்கிறது. பின்னால் வந்த நாவல்கள் மெக்கை எங்கே கொண்டுபோய் விட்டாலும், 'ஒன்றுபோல்' என்பதற்கும் 'சமம்' என்பதற்கும் இடையில் அவள் இழுத்த கோடு அழியவில்லை. அந்தக் கோட்டின் மேல் நின்றுதான் நம் பெண்கள் இன்னும் பேச வேண்டியிருக்கிறது.